ஒரு கியூப் மணல்

மணல்காரர்: மணலைப் புதுப்பிக்க முடியாத வளம் என்று பேத்தியின் வீட்டுப்பாடத்துக்குப் பிழையாக விடை சொல்லிக் கொடுக்கிறீர்கள், டீச்சர். நாங்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

டீச்சர்: நீர் புதுப்பிப்பது மணலை அல்ல, தம்பி, பெர்மிட்டை.

மணல்காரர்: இரண்டும் ஒன்றுதானே? பெர்மிட் இருந்தால் மணல் இருக்கிறது. பெர்மிட் முடிந்தால் மணல் இல்லை.

டீச்சர்: என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தபோதும் இப்படித்தான் விடை எழுதினீர். வெயில், காற்று, மழை, காடு, மீன் ஆகியவை நாம் எடுத்த பின்னும் தம்மை மீண்டும் நிரப்பிக்கொள்பவை. நிலக்கரியும் பெற்றோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் புதைந்து கிடந்த உயிர்களிலிருந்து உண்டானவை. ஆகையால் உம்முடைய டிராக்டர் இன்று காலை குடித்த டீசலை உம்முடைய பேரனின் பேரனும் திரும்பக் காணமாட்டான்.

மணல்காரர்: திருகோணமலைச் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றனவே! 2022 சனவரியில் அவற்றுக்கும் புதிதாக ஒப்பந்தம் எழுதினார்களே!

டீச்சர்: அதே ஆண்டு யூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டில், நீர் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு எங்கே நின்றீர்? குதம் என்பது பாத்திரம், தம்பி. கையெழுத்துப் போட்டால் பாத்திரத்துக்குள் எண்ணெய் ஊறாது.

மணல்காரர்: எண்ணெயை விடுங்கள். மாரி பொழிந்து மகாவலி பெருகினால் மணலை ஆறே கொண்டு வந்து தரும். நாங்கள் அள்ளிய குழி தை பிறப்பதற்குள் நிரம்பிவிடும்.

டீச்சர்: மலையிலிருந்து இறங்கும் மணலில் பெரும்பகுதியை விக்டோரியா, ரந்தெனிகல என்று 1980களில் எழுந்த அணைகள் தடுத்து வைத்துக்கொள்கின்றன, எஞ்சியதைத்தான் ஆறு கொட்டியாரக்குடாப் பக்கம் இழுத்து வருகிறது. அது ஓர் ஆண்டு முழுவதும் சேர்ப்பதை நீங்கள் எத்தனை நாளில் அள்ளுகிறீர்கள்? வரவைவிட விரைவாக அள்ளினால், புதுப்பிக்கத்தக்கது என்ற பெயர் பாடப்புத்தகத்தில் மட்டுந்தான் மிஞ்சும். முட்டையிட வரும் மீன்கூட்டத்தின் மேல் டைனமைற் எறிகிறவனுக்கும் மீன் புதுப்பிக்கத்தக்க வளந்தான்.

மணல்காரர்: டைனமைற்றுக்குப் பெர்மிட் கிடையாது, டீச்சர். மணலுக்கு இருக்கிறது.

டீச்சர்: அந்தக் காகிதத்தை ஆற்றிடம் காட்டினீரா?

மணல்காரர்: ஆறு கேட்கவில்லை. பொலிஸ்தான் கேட்டது.

டீச்சர்: நல்லது. அள்ள அள்ள ஆறு கொண்டு வந்து தருகிறது என்றால், ஒவ்வொரு முறையும் விலையை ஏன் ஏற்றுகிறீர்?

மணல்காரர்: முன்பு போல மணல் எங்கே கிடைக்கிறது, டீச்சர்? அப்போதெல்லாம் டிராக்டரை ஆற்றுக்குள் இறக்கி அரை மணி நேரத்தில் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவோம். இப்போது மேலே மேலே போக வேண்டியிருக்கிறது. கரை இடிந்து விழுகிறது. அள்ளியதிலும் பாதி சேறு.

டீச்சர்: (உள்ளே இருக்கும் பேத்தியிடம் திரும்பி) மகள், மூன்றாம் கேள்விக்கு நான் சொன்னதை வெட்டிவிட்டு, இவர் இப்போது சொன்னதை எழுது.

மணல்காரர்: அதற்காக விலை குறையாது, டீச்சர். பெர்மிட் செலவே...

(டீச்சர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு டிராக்டர்ப் பெட்டியைச் சுற்றி வருகிறார். ஒரு கியூப் என்பது 100 கன அடி என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்கு மதில் கட்டியபோது வந்த கியூப்புக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை.)

டீச்சர்: இதில் 75 கன அடிக்கு மேல் இராது.

மணல்காரர்: வரும் வழியில் கொஞ்சம் சிந்தியிருக்கும், டீச்சர். பாதை அப்படி.

டீச்சர்: அதற்கென்ன, முக்கால் பங்குக் காசை இப்போது வாங்கிக்கொள்ளும். மீதியை மாரிக்கு ஆறு கொண்டு வந்து தரும்.