5,000 பவுண்டு கணக்கில் ஒரு திருத்தம்
ஹிட்ச்சில் (டிரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) 5,000 பவுண்டு என்று போட்டிருந்தால் 5,000 பவுண்டு படகை இழுக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு. அந்த 5,000-க்குள் டிரெய்லர், எஞ்சின், பெட்ரோல் எல்லாம் அடங்க வேண்டும். 40 கேலன் பெட்ரோலே ஏறக்குறைய 240 பவுண்டு. அப்புறம் வண்டி, ஹிட்ச், பால் மவுண்ட் (ஹிட்ச்சில் செருகி, உருண்டையைத் தாங்கும் தண்டு), பால் (குடிக்கிற பால் இல்லை, இரும்பு உருண்டை), கப்ளர் (உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லர் முனை) இவற்றில் எதன் வரம்பு குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. உருண்டையின் மேலேயே அளவும் எடையும் பொறித்திருக்கும், துருவைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 2 அங்குலக் கப்ளர் 1 7/8 அங்குல உருண்டையிலும் பூட்டியது போலவே உட்காரும். ஒரு பள்ளத்தில் குலுங்கினால் கழன்றுவிடலாம். பூட்டியதும் நான் டிரெய்லர் ஜாக்கின் கைப்பிடியைச் சுழற்றி டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பேன். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரி, கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தால் பூட்டு விழவில்லை.