வாட்டைப் பார்த்து எல்இடி வாங்காதீர்கள்

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த கடைசி குண்டு பல்பையும் போன வாரம் கழற்றிவிட்டேன். எல்இடிக்கு மாறச் சொன்னால் இன்னும் பலர், "அதுல வெளிச்சம் பத்தாதுங்க" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் ஆதங்கமாக இருக்கிறது. குறை பல்பில் இல்லை, நாம் வாங்குகிற விதத்தில் இருக்கிறது.

வாட் என்பது பல்பு இழுக்கும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமென் தரும். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். குண்டு பல்பில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெளிச்சமாகிறது, மற்றதெல்லாம் சூடு. தினமும் 5 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்குக் குண்டு பல்பு 110 யூனிட் தின்னும், எல்இடி 16 யூனிட்தான். அதனால் அதிக நேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுங்கள். ஸ்டோர் ரூம் பல்பு காத்திருக்கட்டும்.

அப்புறம் நிறம். இதில்தான் நானே தவறு செய்தேன். பளிச்சென்று இருக்கட்டுமே என்று படுக்கையறையில் 6500 கெல்வின் பல்பைப் போட்டேன். அப்பாவுக்கு அந்த நீலம் கலந்த வெள்ளை ஒத்துக்கொள்ளவே இல்லை, கண் கூசுகிறது என்று ஒரு வாரம் விளக்கைப் போடாமலேயே இருந்தார். 2700 கெல்வினுக்கு மாற்றியதும் பழைய பல்பின் இதமான மஞ்சள் திரும்ப வந்தது. கெல்வின் எண் குறையக் குறைய மஞ்சள் கூடும், அவ்வளவுதான் கணக்கு. சமையலறையிலும் கண்ணாடி முன்னாலும் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண், 90க்கு மேல் உள்ளதைப் போடுங்கள். காய்கறியின் நிறமும் முகத்தின் நிறமும் உள்ளபடி தெரியும்.

"சீக்கிரம் போயிடுது" என்பது இன்னொரு புகார். காற்றே புகாத மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டினால் போகத்தான் செய்யும். எல்இடிக்கும் சூடு உண்டு. அது வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்தான் பெரும்பாலும் முதலில் பழுதாகும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கழற்றிய பழைய சிஎஃப்எல் பல்புகளைக் குப்பைத்தொட்டியில் வீசாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. உடையாமல் எடுத்து வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். என்னிடம் நான்கு இருக்கின்றன, துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.