மறுபடியும் ஒரு அதிரடித் திட்டமாம்!

போக்குவரத்து விதியைக் கறாரா அமல்படுத்தப் போறாங்களாம். போன தடவை அறிவிச்சது என்னாச்சு? பேனர் கிழிஞ்சதோட சரி. ஒரு வாரம் முக்குக்கு முக்கு போலீஸ். அப்புறம் ஈ காக்கா இருக்காது. ஹெல்மெட் தலையிலிருந்து பெட்ரோல் டேங்குக்கு இறங்கிடும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. யாருக்கு வேணும்? கேமரா எங்க இருக்குன்னுதான் எல்லாருக்கும் மனப்பாடமாச்சே! அதுக்கு முன்னாடி பிரேக், தாண்டினதும் ராக்கெட். ராங் சைடுல வர்றவன் நம்மளைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறான், நாமதான் ஒதுங்கணுமாம். ஜீப்ரா கோட்டுல காலை வச்சா, அவன் வீட்டுக் கொல்லையில நுழைஞ்ச மாதிரி ஒரு முறைப்பு. சிவப்பு மாறுறதுக்குள்ள பின்னாடி பாம் பாம். எங்கய்யா பறக்கிறீங்க, அடுத்த சிக்னலுக்குத்தானே?