வண்டலூர் வண்டலூரிலேயே இருக்கட்டும்

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி நண்பர்கள் பலரும் எழுதிவிட்டீர்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன், ஆறவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் பெருகிவிட்ட நெரிசலைக் காட்டி, வண்டலூர் உயிரியல் பூங்காவை அங்கேயே விரிவுபடுத்துவதா, வேறிடம் மாற்றுவதா என்று பேச்சு நடந்தபோது, ஒருவர் வடசென்னையில் ஆலைகள் சூழ்ந்த எண்ணூரில் காலி இடம் நிறைய இருக்கிறது என்றார். "அந்தக் காற்று மிருகங்களுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று இன்னொரு பெரியவர் சொல்ல, அரங்கமே சிரித்தது.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பூங்கா இடம் மாறக் கூடாது. 1985-இல் திறக்கப்பட்ட, அறுநூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டு நிலம் அது. 2016 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தும் மீண்டு வந்திருக்கிறது. மான் போன்ற விலங்குகளைப் பிடிக்கும்போது ஏற்படும் மிரட்சியிலேயே தசை சிதைந்து இறந்துபோகக்கூடும் என்பது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரியும். அத்தனை உயிர்களையும் மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றுவதைவிட, மருத்துவமனையையும் புதிய விலங்குகளைத் தனிமைப்படுத்தி வைக்கும் இடத்தையும் அங்கேயே பெரிதாக்குவது நல்லது.

ஆக, எண்ணூர் வேண்டாம் என்பதில் அந்தப் பெரியவரும் நானும் ஒரே கட்சி. அவர் சொன்ன காரணம்தான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

"இடம் மாற்றவே கூடாது என்றால் பழைய பூங்காவை ஏன் மாற்றினார்கள்?" என்று கேட்பீர்கள். சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த அதை நாங்கள் உயிர் காலேஜ் என்போம். வியாசர்பாடியிலிருந்து பாட்டி எங்களை நடத்தியே கூட்டிப்போவார். அங்கே ஒரு கரடி கம்பியில் உரசி உரசி, மூக்கின் மேல் முடி உதிர்ந்து தோல் தெரிய நின்றிருந்தது. அதை அங்கிருந்து கொண்டுபோனது நியாயம்தான். ஆனால் நடந்து போன இடம், பீச் ஸ்டேஷன் போய் மின்சார ரயில் பிடித்து, உள்ளே நுழைவதற்குள் குழந்தைகள் சோர்ந்துவிடும் தொலைவுக்குப் போனதை அன்று யார் கணக்கில் எடுத்தார்கள்? விலங்குகளுக்காக அதைப் பொறுத்துக்கொண்டோம், முணுமுணுக்கக்கூட இல்லை.

அந்தக் காற்றுப் பேச்சு வெறும் நகைச்சுவை, வடசென்னைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் புண்படுவீர்கள் என்கிறார் ஒரு நண்பர். நல்லது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப்போய்க் கிடந்தன. அதே மாதம் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது சிரித்தவர் உண்டா? அலையாத்தியும் இறாலும் நண்டும் உள்ள அந்தக் கழிமுகம்தான் உங்களுக்குக் "காலி இடம்".

மான் மூச்சுவிடக் கூடாத காற்றில் என் பேரன் மூச்சுவிடலாமா என்ற கேள்வி அந்த அரங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மானுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு நொடியில் முடிவு செய்ய முடிகிறது. எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதற்கு மட்டும் அறிக்கை வேண்டும், குழு வேண்டும், மறு ஆய்வு வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் விரிவாக்க வரைபடத்தை விரித்தால் வருகிறேன், வண்டலூருக்காகப் பேசவும் செய்கிறேன். ஆனால் எண்ணூரின் பெயரை எடுக்கிறவர் கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் மணலிப் புகைபோக்கிகளையும் எங்கே இடம் மாற்றப்போகிறார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.