வாடல் என்று ஒரே பெயரில் இரண்டு நோய்

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குக் காற்று புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் அடிக்கிற காற்றில் மட்டை முறியும், குரும்பை கொட்டும். மூன்று வருடம் முன்பு மேற்கு வரிசை மரங்களில் ஓலை ஒரு மாதிரி வளைந்து தொங்கியபோதும் காற்றின் வேலை என்றுதான் அப்பா சொன்னார். காய் போட வந்த மலையாளி அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு "காற்றுவீழ்ச்ச" என்றார். சரி, அவரும் காற்றைத்தானே சொல்கிறார் என்று நாங்கள் தலையாட்டினோம்.

அவர் சொன்னது காற்றை அல்ல. கேரளத்தில் தென்னை வேர் வாடல் நோய்க்கு வழங்கும் பெயரே அதுதான்.

அடுத்த வருடம் மஞ்சள் ஏறியது. ஒரு மருந்துக் கடையில் போய்ச் சொன்னேன். "வாடல்ங்க, போர்டோ கலவை ஊத்துங்க" என்றார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கி, மரத்துக்கு 40 லிட்டர் கணக்கில் 26 மரத்துக்கு நானும் அப்பாவும் இரண்டு ஆட்களும் மூன்று நாள் கலக்கி ஊற்றினோம். மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வேறு. ஒரு மரம்கூடத் திரும்பவில்லை. அப்பாவுக்குக் கை முழுக்க நீலக் கறை ஒரு வாரம் போகவில்லை.

அந்த வைத்தியம் தப்பான வைத்தியம் இல்லை. வேறொரு நோய்க்கான வைத்தியம். அது எனக்குத் தெரிந்தது போன வருடம், கோவையில் நடந்த ஒரு கூட்டத்தில்.

பயிர் நோய்களையும் பூச்சிகளையும் ஆராய்கிறவர்களின் மண்டலச் சங்கம் ஒன்று நடத்திய ஆண்டுக் கூட்டம் அது. வேளாண்மை படிக்கும் என் அக்கா மகள் தன் ஆய்வைப் பற்றி அங்கே ஒரு சுவரொட்டி வைக்க வேண்டியிருந்தது. துணைக்குப் போனேன். இப்படிப்பட்ட கூட்டங்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: பை கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், கலைந்துவிடுவார்கள் என்று. நானும் அப்படிப் பேசியவன்தான். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு அப்படிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மாறியதற்குக் காரணம் ஒரு கேள்வி. ஓர் இளைஞர் ஒரு கரைசலைக் கொடுத்ததில் நோய்க்குறி குறைந்ததாகப் படம் போட்டுக் காட்டினார். கடைசி வரிசையிலிருந்து வயதான ஒருவர் எழுந்தார். எத்தனை மரம் என்று கேட்டார். பன்னிரண்டு. எத்தனை வருடம்? ஒரு பருவம். மருந்து கொடுக்காமல் விட்ட மரங்கள் எத்தனை? இளைஞர் கொஞ்சம் தயங்கி, அப்படித் தனியாக விடவில்லை என்றார். "இன்னும் இரண்டு வருடம் பாருங்கள், அப்புறம் வந்து சொல்லுங்கள்" என்று பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஆங்கிலத்தில்தான், அக்கா மகள் காதில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த மூன்று நாள் போர்டோ கலவைதான் ஞாபகம் வந்தது. கடையில் நான் இந்தக் கேள்வி எதையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

மதியம் சுவரொட்டிகள் இருந்த தாழ்வாரத்தில் ஒரு மலையாளி ஆராய்ச்சி மாணவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். தலைப்பு தென்னை வேர் வாடல். முதல் வரியிலேயே 1882 என்று இருந்தது. அந்த வருடப் பெருவெள்ளத்துக்குப் பிறகு திருவிதாங்கூரில், ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் பார்த்த நோய். 1908இலேயே பட்லர் என்ற பயிர் நோய் ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறார். ஆனால் நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது 1983இல். நூறு வருடம். பைட்டோபிளாஸ்மா என்ற இனம் இருப்பதே 1967இல் ஜப்பானியர்கள் கண்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். செல்சுவர் இல்லாத பாக்டீரியா அது. ஓலையில் தயாரான உணவு கீழே இறங்குகிற குழாயில் உட்கார்ந்துகொள்ளும். வேரில் எதை ஊற்றினால் என்ன?

அந்தத் தம்பி தன் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே சாராயத்தில் மிதக்கும் ஒரு பூச்சி. ஒரு பச்சரிசி அளவுகூட இல்லை. கைலென்ஸை என் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இறக்கை முழுக்கச் சல்லடை போட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. ஓட்டை ஓட்டையாக, உள்ளே வெளிச்சம் போய் வருகிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சி. இதுவும் ஒரு தத்துப்பூச்சியும்தான் நோயை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. அவர் மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் கேட்டேன், எங்கள் ஊர்க்காரனுக்கு அதில் என்ன சிரமம்? கால் மணி நேரத்தில் இரண்டு வருடக் குழப்பம் தீர்ந்தது.

குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. தமிழில் தஞ்சாவூர் வாடல் என்று ஒன்று உண்டு. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் பரவியதால் வந்த பெயர். அது பூசண நோய், மண்ணில் இருப்பது. தூரில் செம்பழுப்புச் சாறு வடியும். போர்டோ கலவை அதற்குத்தான். வேர் வாடலில் சாறு வடியாது. ஓலையின் இலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளையும், அப்புறம் மஞ்சள் ஏறும், ஓரம் கருகும். மரம் சாகாது. காய்ப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் குறையும். சாகாததால் வெட்ட மனம் வராது, வெட்டாத மரத்திலிருந்து பூச்சி பக்கத்து மரத்துக்குப் போகும். இரண்டுக்கும் நாங்கள் சொல்வது "வாடல்". காற்றுவீழ்ச்ச என்ற பெயர் காற்றைக் காட்டுகிறது, வேர் வாடல் என்ற பெயர் வேரைக் காட்டுகிறது. நோய் இருப்பதோ ஓலைக்குள்.

இதை யார் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்? கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு வீடு தமிழ்தான். கேரள அரசின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் வரும் தாள் மலையாளத்தில் இருக்கும், பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. தமிழ்நாட்டுப் பக்கத்து ஆழியார் நகர் ஆராய்ச்சி நிலையத்தின் தமிழ்த் தாள் ஆனைமலையோடு நின்றுவிடும். காயங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனையோ வருடமாகத் தெரிந்த விஷயம் எங்கள் தோப்புக்கு வந்து சேரவில்லை. நோய் வந்துவிட்டது.

பூச்சிகள் இரண்டு பக்கமும் போய் வருகின்றன. தேங்காயைத் தாக்கும் ஈரியோபைட் சிலந்தியை நாட்டில் முதலில் பார்த்தது 1998இல், எர்ணாகுளம் மாவட்டம் ஆம்பல்லூரில். அங்கிருந்து தமிழ்நாட்டுத் தோப்புகளுக்கு வந்தது. சுருள் வெள்ளை ஈயைப் பார்த்தது 2016இல் பொள்ளாச்சியில். அதே வருடம் பாலக்காட்டிலும். அந்த வெள்ளை ஈ விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் செய்ததை நான் வாயாரப் பாராட்டுவேன். மருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாகவே வந்திருக்கிறது, அதைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னார்கள். ஓலையின் அடியில் கறுத்துப்போன கூட்டுப்புழுவைக் கண்டால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். விற்கிறவர் யாரும் "ஒன்றும் வாங்காதே" என்று சொல்ல மாட்டார். அதைச் சொல்ல இப்படிப்பட்ட சங்கங்களில் இருப்பவர்களால்தான் முடியும். அதனால்தான் அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

இரண்டு நாள் கூட்டத்தில் அரை நாளைத் தோப்புக்குள் வையுங்கள். எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பு, அந்தப் பக்கம் ஒரு தோப்பு. அந்தப் பெரியவர் இளைஞரிடம் கேட்ட கேள்வியை மரத்தடியில் எங்கள் முன்னால் தமிழிலும் மலையாளத்திலும் கேட்கட்டும். எத்தனை மரம், எத்தனை வருடம், விட்ட மரம் எத்தனை என்று கேட்க நாங்களும் பழகிக்கொள்கிறோம். பலிக்காமல் போனதையும் சொல்லுங்கள். பலித்ததைவிட அதுதான் எங்களுக்கு அவசரம். என் 26 மரத்துக் கதையும் அதில் ஒன்று, எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இரண்டு மொழியிலும் ஒரே தாளில், படத்தோடு, இந்தப் பெயருக்கு இந்த நோய் என்று அச்சடித்துக் கொடுங்கள். இதற்கு புது ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் ஏணி போட்டு மேற்கு வரிசையில் ஒரு மட்டையை வெட்டி இறக்கினேன். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பி லென்ஸில் பார்த்தால், அதே சல்லடைக் கண்ணாடி இறக்கை, ஏழெட்டு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். வருடம் பத்து காய்கூடத் தராமல் நின்ற நான்கு மரங்களை அந்த வாரமே வெட்டினோம். வெட்டச் சொன்னதும் அவர்தான், நட்டதும் அவர்தான். மற்ற மரங்களுக்குத் தொழுவுரமும் பசுந்தாளும், வருடத்துக்கு அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட்டும் போடுகிறோம். வெட்டிய இடத்தில் வைக்கக் காயங்குளத்தின் நோய் தாங்கும் ரகங்களான கல்பரக்ஷா, கல்பஸ்ரீ கன்றுகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

காய் போடும் அண்ணன் போன வாரம் வந்தபோது அந்த நான்கு குழியையும் பார்த்துவிட்டு, "நான் அன்றைக்கே சொன்னேனே" என்றார். ஆமாம், சொன்னார்.