டிக்கெட் போடுவதற்கு முன்

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களுக்கு ஆட்-ஆன்களை, அதாவது கூடுதல் விமானங்கள் போன்றவற்றை, விற்கும் நிறுவனங்கள் காசு வாங்கியதும் கைகழுவிவிடுகின்றன என்று ஒரு கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். பாதி நியாயம்தான். ஆனால் "விமானம் கிராஷ் ஆகிறது, உடனே சரி செய்யுங்கள்" என்று ஒற்றை வரியில் டிக்கெட் (நிறுவனத்துக்கு அனுப்பும் புகார்) போட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் என்ன ஜோசியமா பார்ப்பார்? எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில், நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பு ஒன்று இருக்கிறது. எந்த பிளக்-இன்னால் (சிமுலேட்டரோடு சேர்ந்து ஓடும் துணை நிரலால்) கிராஷ் ஆனது என்று பல சமயம் அதன் கடைசி வரிகளிலேயே எழுதியிருக்கும். அதை இணைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மைக்ரோசாப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம், வெளியிலிருந்து நாம் போட்ட ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் பார்ப்பது. சரி, ஆனால் சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் மார்க்கெட்பிளேஸ் கடையில் வாங்கியவை அந்த ஃபோல்டரில் இருக்காது, தனியாக உட்கார்ந்திருக்கும். காலி செய்த பிறகும் கிராஷ் ஆனால் "சிமுலேட்டரே மோசம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருப்பி வைக்கும்போதும் ஒவ்வொன்றாக வேண்டாம். பாதிப் பாதியாக வைத்துப் பாருங்கள், குற்றவாளி சீக்கிரம் சிக்கும்.

நிறுவனங்களையும் சும்மா விடுவதற்கில்லை. நான் வாங்கிய ஒரு ஜெட்டில் ஆட்டோபைலட் இறங்குபாதையைப் பிடிக்காமல் நேராகவே போய்க்கொண்டிருந்தது. லாக், வீடியோ எல்லாம் கொடுத்தேன். "அடுத்த அப்டேட்டில் பார்க்கிறோம்" என்றார்கள். அப்டேட்டும் வந்தது, புது பெயின்ட்டோடு. அப்புறம் எப்போது சரியாகும் என்று கேட்ட என் கேள்வியையே நீக்கிவிட்டார்கள். கடைசியில் அதற்குத் தீர்வு சொன்னது இன்னொரு பயனர்தான், இலவசமாக.