பிள்ளை ராத்திரி எங்கே தூங்குகிறது?

வெளிநாட்டில் அனாதை இல்லம் கட்டுகிறோம், காணிக்கை கொடுங்கள் என்று சபையில் அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். "எங்கள் இல்லத்தில்" என்று பதில் வந்தால் என் கை பர்சுக்குப் போகாது. "அதன் அம்மாவோடு, சொந்த வீட்டில்" என்றால் யோசிக்காமல் கொடுப்பேன். இப்படிக் கேட்டதற்கு 'ஊழியத்துக்கு விரோதி' என்ற பட்டமும் கிடைத்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இல்லங்களே வேண்டாம் என்று எல்லாக் காலத்துக்கும் சொல்ல மாட்டேன். கொரியப் போரில் தெருவுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் எவரெட் ஸ்வான்சன் என்ற போதகர் 1952-இல் உதவி திரட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்பான்சர்களைத் தேடித் தரும் கம்பேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு. பெற்றவர்களைப் போர் கொண்டுபோனபோது, கூரையும் கஞ்சியும் கொடுப்பதற்கே முதலிடம்.

இன்று நிலைமை அதுவல்ல. கம்போடிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கம் முடிந்த சில நாட்களிலேயே, அமெரிக்க பாப்டிஸ்ட் குழு ஒன்று 33 பிள்ளைகளை 'அனாதைகள்' என்று எல்லை தாண்டிக் கூட்டிப்போகப் பார்த்துப் பிடிபட்டது. விசாரித்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்ல படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சிலர் தாங்களாகவே கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

கவனியுங்கள், 'படிப்பு' என்ற நம்பிக்கையில். கட்டணம் கட்ட முடியாத தாய்க்கு அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதும். நாமோ அவள் பிள்ளையையே வாங்கிக்கொண்டு வந்து, அனாதை என்று பெயரும் வைத்து, போட்டோ எடுத்து அனுப்புகிறோம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்து விசாரிக்கச் சொல்கிறது யாக்கோபு நிருபம். விதவையைக் குடிசையில் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் பிரித்துக்கொண்டு வருவது எந்த விசாரிப்பில் சேர்த்தி?

குறுகிய கால மிஷன் பயண வீடியோக்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். வேனிலிருந்து குழு இறங்கியதும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். பெயர்கூடத் தெரியாதவர் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தை விடாது. "எவ்வளவு பாசம்!" என்று கீழே நூறு கமெண்ட். வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை அந்நியரைப் பார்த்தால் முதலில் அம்மாவுக்குப் பின்னால் அல்லவா ஒளியும்? ருமேனிய இல்லப் பிள்ளைகளை 2000-இலிருந்து பல ஆண்டுகள் அந்நாட்டுத் தலைநகர் புக்காரெஸ்டில் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை, தனக்கென்று ஒருவர் இல்லாமல் வளர்வதன் அறிகுறியாகவே பதிவு செய்தார்கள். ஒரு வாரம் மடியில் வைத்துவிட்டு நாம் விமானம் ஏறுகிறோம். அடுத்த மாதம் அடுத்த குழு.

அப்படியானால் தூரத்திலிருந்து ஒரு பிள்ளைக்கென்று மாதாமாதம் பணம் அனுப்பும் ஸ்பான்சர் திட்டங்கள் மட்டும் உருப்படியா என்பீர்கள். பிள்ளை தன் வீட்டிலேயே இருந்து, பள்ளி முடிந்து பக்கத்துச் சபை மையத்துக்கு வந்துபோகும் திட்டம் என்றால், உருப்படிதான். கம்பேஷன் திட்டத்தை ஆறு நாடுகளில் ஆராய்ந்து புரூஸ் வைடிக்கும் சக பொருளாதார ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை எனக்குப் பிடித்தது, காரணம் அதில் ஒப்பிட்ட விதம். திட்டம் ஊருக்கு வந்தபோது வயது கூடிப்போனதால் சேர முடியாத அண்ணன், அக்காக்களோடு ஒப்பிட்டார்கள். அதே வீடு, அதே வறுமை. உதவி பெற்றவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். பின்னர் இந்தோனேசியாவில் பிள்ளைகளிடம் புது வண்ணப் பென்சில்களைக் கொடுத்துத் தங்களையே வரையச் சொன்னார்கள். திட்டத்தில் இருந்த பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையும் மகிழ்ச்சியும் கூடுதலாகத் தெரிந்தன. புத்தகமும் சீருடையும் வாங்கிக் கொடுத்தால் மட்டும் இது வராது. 'நீ படித்து மேலே வருவாய்' என்று வாராவாரம் எதிர்பார்க்கும் ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும்.

மதமாற்றம் பற்றிக் கேட்க வருபவர்களுக்கு: ஞானஸ்நானத்தைக் காட்டிச் சோறு போடுவது அசிங்கம். கிறிஸ்தவனாகவே சொல்கிறேன். உதவிக்கு நிபந்தனை வைக்கும் அமைப்புக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அதற்காக, இதைப் படித்துவிட்டு இப்போது தாங்கிவரும் இல்லத்துக்கு அடுத்த மாதமே பணத்தை நிறுத்திவிடாதீர்கள். பட்டினி கிடப்பது பிள்ளைகள்தான். ருவாண்டா நாடு, இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பும் வேலையைப் பல ஆண்டுத் திட்டமாகவே செய்தது. கென்யா 2022-இல் அறிவித்த இதே மாதிரிச் சீர்திருத்தத்துக்குப் பத்தாண்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் உறவினர்களைத் தேடி, வீட்டைப் பார்த்து, அனுப்பிய பிறகும் போய் விசாரிக்கச் சமூகப் பணியாளர்கள் தேவை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. கட்டடம் என்றால் வாசலில் நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாம், சம்பளத்தில் எங்கே பொறிப்பது? உங்கள் சபையின் மிஷன் கமிட்டி அடுத்த ஆண்டு பட்ஜெட் போடும்போது, புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கியதை இந்தச் சம்பளத்துக்கு மாற்றச் சொல்லி எழுந்து கேளுங்கள்.